தாட்சாயணிக்கு இல்லாத அக்கா

செல்வி எனக்கு எப்படி உறவு என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். என் ஓரகத்திக்கு ஒரே அண்ணன். அந்த அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செல்வி, இளையவள் தாட்சாயணி. இரண்டு பேருக்கும் நான் அத்தை. ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம் தறி ஓடுகிற தெருவில் பிறந்தவர்கள். அடுத்த தெருவில் தறி வைத்திருந்த நாகபூஷணத்தின் வீட்டுக்கே இரண்டு பேரும் வாழப்போனார்கள். முதலில் செல்வி போனாள். சில வருஷம் கழித்து, அதே வீட்டுக்கு, அதே புருஷனுக்கு, தாட்சாயணி போனாள்.

ஏன் அப்படி ஆயிற்று என்றால், செல்விக்குக் குழந்தை நிற்கவில்லை. முதல் பிள்ளையின்போது எட்டாம் மாதம் காலும் முகமும் வீங்கிப்போய்ச் செருப்புக்கூடப் போட முடியவில்லை. "ஆம்பளப் புள்ளடி, அதான் நீர் கோத்துக்கிது" என்று எல்லோரும் சிரித்தோம். பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவதற்கும் அதே வீக்கம். அதோடு கண் மங்கிப்போய், வாசலில் நிற்கிற மாமியாரை யாரென்று கேட்டாள். இங்கே இருந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரு நர்ஸம்மா மட்டும்தான். அந்தம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பதிக்கு எடுத்துக்கொண்டு ஓடுங்கள் என்றாள். ஒரு வேனைப் பிடித்தார்கள், தாட்சாயணியும் கூட ஏறினாள். புத்தூர் தாண்டினதும் செல்விக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. வடமாலப்பேட்டை வருவதற்குள் பிள்ளை வேனிலேயே பிறந்தது. அழவில்லை. செல்விக்கு நினைவு திரும்பினபோது திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தும் விட்டிருந்தார்கள்.

அங்கிருந்த டாக்டர், இன்னொரு தரம் உண்டானால் உயிருக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார். மாமியார் ஒரு வருஷம் பொறுத்தாள். அதற்குமேல் பொறுக்கவில்லை. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் செல்வியைத் துரத்திவிடுவாள், கூடப் பிறந்தவள் என்றால் சோறு போடுவாள் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தாட்சாயணியைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் செல்வியே தாம்பாளம் பிடித்தாள். ஒரு வருஷத்தில் தாட்சாயணிக்கு ரேஷ்மா பிறந்தாள். வீக்கமில்லை, மயக்கமில்லை. வலி எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே பெற்றுவிட்டாள்.

புருஷனைப் பங்கு போட்டதில் செல்விக்குப் பெரிய எரிச்சல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருதரம் கேட்டதற்கு, "அவரா? கொறட்டைய எடுத்துக்கினு போனா போறா, நான் நிம்மதியா தூங்கறேன் அத்தை" என்றாள். அவள் வயிறு எரிந்தது வேறு இடத்தில். ரேஷ்மாவைக் குளிப்பாட்ட அவளை விடமாட்டார்கள். தலை பின்ன விடமாட்டார்கள். வாயைத் திறந்து யாரும் கண்படும் என்று சொல்லவில்லை. அவள் கையை நீட்டினால் தாட்சாயணிக்குச் சரியாக அப்போதுதான் குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் வரும். தெருவில் எந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தாலும் செல்விக்கு அழைப்பில்லை. கலவை சாதம் மட்டும் டப்பாவில் வரும். அதை அவள் தின்னவும் மாட்டாள், கொட்டவும் மாட்டாள். மூடி வைத்துவிட்டு, மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொடுத்தனுப்புவாள். நடுவில் அந்தச் சாதம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை.

ரேஷ்மா பெரியவளானதும் செல்வி தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்ததை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற காண்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். அவளுக்குத் துடைக்கக் கொடுத்தது பிரசவ வார்டு.

ரேஷ்மாவுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் சாய்குமார், ஓட்டலில் கணக்கு பார்க்கிறவன். பெண் பார்க்க வந்தபோது, வீட்டில் இரண்டு பெண்டாட்டி என்று தெரிந்தால் சம்பந்தம் நழுவிவிடும் என்று பயந்து, செல்வியை நாகபூஷணத்தின் பெரியப்பா மகள் என்று சொன்னார்கள். கட்டினவனுக்கே அக்காவாக்கிவிட்டார்கள். பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ரேஷ்மா, மாமியார் எதிரில் அவளை அத்தை என்றாள். செல்வி அதற்கும் தலையை ஆட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை டாக்டர் வர ஆரம்பித்தார். டாக்டர் லீனா சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில், சிக்கலான கர்ப்பங்களுக்கென்றே படித்து வேலை பார்க்கிறவர். பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முன்னாடி பிள்ளை போனது, எது இருந்தாலும் முன்பெல்லாம் பஸ் பிடித்துத் திருப்பதிக்குத்தான் போகவேண்டும். இப்போது அந்த டாக்டரே புதன்கிழமை காலையில் வந்து இறங்கினார். நல்ல ஸ்கேன் மிஷின் ஒன்றும் வந்தது. மற்ற நாட்களில் ஏதாவது என்றால் இங்கிருக்கிற நர்ஸ், போனில் வீடியோவில் அவரைக் கூப்பிட்டுக் கேட்பாள். கையில் கட்டுகிற பிரஷர் மிஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.

ஊரே புதன்கிழமையைக் கொண்டாடியது. செல்வி கொண்டாடவில்லை.

"இன்னா பவுசு அத்தை அவளுங்களுக்கு!" என்பாள். "ஃபேனுக்கு அடியில நாற்காலி போட்டுக் கீது. அதுல குந்திக்கினு, டாக்டர் லேட்டுன்னு மொணகறாளுங்க. ஒருத்தி போன்ல சினிமா பாத்துக்கினே பிரஷர் காட்டறா. நான் தொடச்ச தரையில எச்சி துப்பறா. இவளுங்க வயித்துல வளர்றது மட்டும் இன்னா தங்கமா?"

"உனக்கு இன்னாத்துக்குடி எரியுது? நல்லா இருக்கட்டுமே."

"நல்லா இருக்கட்டும். யாரு வேணாம்னா? எரியறது என் வயிறு. அதுக்கு யார்கிட்ட பர்மிசன் வாங்கணும்?"

வார்டைத் துடைத்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்பாள். முதல் பிள்ளைத்தாச்சி யார் வந்தாலும் டாக்டர் லீனா ஒரு கேள்வி கேட்பார். அம்மாவுக்கோ, அம்மா கூடப் பிறந்தவர்களுக்கோ, அக்கா தங்கைக்கோ கர்ப்பத்தில் பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்ததுண்டா என்று. உண்டு என்றால் ஒரு சின்ன மாத்திரை எழுதுவார். நாலாம் மாதம் முடிவதற்குள் ஆரம்பித்தால்தான் அதனால் நல்ல பலன். அப்புறம் கொடுத்தால் அவ்வளவு காப்பாற்றாது. இது செல்விக்கு மனப்பாடம்.

ரேஷ்மா மசக்கை தாங்காமல் சீக்கிரமே தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை தாட்சாயணி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திருப்பதியிலிருந்து மருமகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மாளும் கூடவே போனாள். செல்வி அப்போது டாக்டர் அறைக்குள்ளேயே, மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தாட்சாயணி முதலில் சம்பந்தியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து துடைக்கிற செல்வியின் முதுகைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரல மேடம். சுகப் பிரசவம்தான்."

"உங்க கூடப் பொறந்தவங்களுக்கு? அக்கா தங்கச்சி?"

"எனக்கு அக்கா இல்ல மேடம்."

ரேஷ்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அடுத்ததைக் கேட்கப் போய்விட்டார். செல்வி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன்மே, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? புள்ள உயிரு இல்ல அது?" என்றேன்.

"அக்காவே இல்லன்னுட்டா. இல்லாத அக்காவுக்கு இன்னா நோவு வந்திருக்கும்?"

"அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அவளுக்கும் காலு வீங்கட்டுமே. அப்ப தெரியும் தாட்சாயணிக்கு." சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நானே எழுந்து தாட்சாயணியிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். "வயித்துப் புள்ளக்காரி காதுல செத்த புள்ளைங்க பேச்சப் போடச் சொல்றியா அத்தை? சம்பந்திக்குத் தெரிஞ்சா எம் பொண்ண வாழ வெப்பாங்களா? எனக்கே வரல, என் வயித்துல பொறந்தவளுக்கு எப்டி வரும்? அக்கா வயித்த அவளே பாத்துக்கட்டும்" என்றாள். பெண்ணுக்கு வேண்டியதைச் செய்கிறோம் என்றுதான் அவள் மனசார நம்பினாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் போன பிள்ளையைப் பேச மாட்டோம். டாக்டர் கேட்டாலும் பேச மாட்டோம்.

அடுத்த புதன்கிழமை வந்தது. ரேஷ்மாவுக்கு நாலாம் மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். செல்விக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு விஜயபுரத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வேர்க்கடலைக் கொல்லை வேலைக்குப் போகிற அக்காவும் தங்கையும். தங்கை மாசமாக இருந்தாள். டாக்டர் கேள்வியைக் கேட்டதும் அந்தத் தங்கை தயங்காமல், "எங்க அக்காவுக்கு வந்துச்சு மேடம், புள்ள தங்கல. இதோ, இவதான்" என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நாற்காலியை அந்த அக்கா பக்கம் திருப்பினார். எத்தனையாவது மாதம், வீக்கம் இருந்ததா, கண் மங்கினதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம், "பையனா, பொண்ணா? பேரு ஏதாவது நெனச்சு வெச்சிருந்தீங்களா?" என்றார். அந்தப் பெண் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அழுதாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்க தப்பு இல்லம்மா. நீங்க சொன்னதால உங்க தங்கச்சிய முன்னாடியே பாத்துக்க முடியுது" என்றார்.

செல்வி துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எத்தனையோ பேர் வயிற்றைப் பார்த்து அவளுக்கு எரிந்திருக்கிறது. அன்றைக்கு எரிந்த மாதிரி என்றைக்கும் எரிந்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். அந்தத் தங்கை பெறப்போகிற பிள்ளைமேல் அவளுக்குப் பொறாமை வரவில்லை. அக்காக்காரிமேல் வந்தது. அவளுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. அவள் பிள்ளையைப் பையனா பெண்ணா என்று ஒரு டாக்டர் கேட்டுவிட்டார்.

அந்த இருவரும் வெளியே போனதும், அடுத்தவர் உள்ளே வருவதற்குள் செல்வி போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இன்னா செல்வி, ஒடம்பு சரியில்லையா?" என்றார் டாக்டர்.

"என்னையும் கேளுங்க மேடம்."

"எத கேக்கணும்?"

"அவள இப்ப கேட்டீங்களே, அதெல்லாம். எனக்கும் வந்துச்சு. ரெண்டு போச்சு."

டாக்டர் கேட்டார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். செல்வி பார்லித் தண்ணீரிலிருந்து வடமாலப்பேட்டை வரைக்கும் சொன்னாள். பையனா பொண்ணா என்று கேட்டபோது, "ரெண்டாவது ஆம்பளப் புள்ளன்னாங்க. நான் பாக்கல மேடம். எனக்கு நெனவு இல்ல. பாத்தவ என் தங்கச்சி. அவ இன்னி வரைக்கும் சொன்னதில்ல" என்றாள்.

"உங்க தங்கச்சி எங்க இருக்காங்க?"

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. "போன வாரம் வந்தாளே, ரேஷ்மா. அவளோட அம்மாதான். நான் அவளுக்குக் கூடப் பொறந்த அக்கா" என்றாள். புண்ணியத்துக்காகச் சொன்னேன் என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "கேட்ட வாய்க்குச் சொல்லிட்டேன். ஆரம்பிச்சப்புறம் நடுவுல எப்டி நிறுத்தறது?" என்றாள், அவ்வளவுதான்.

டாக்டர் அன்றைக்கே ரேஷ்மாவுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். மாத்திரை எழுதினார். பிரஷர் மிஷினைக் கொடுத்தார். எல்லாப் புதன்கிழமையும் வரச்சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரி கேட்டிலேயே தாட்சாயணி செல்வியைப் பிடித்துக்கொண்டாள். நான் என் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் டம்ளரோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

"எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியே! இத்தினி வருஷம் இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தியா?"

"யாருடி நீ? எனக்குத் தங்கச்சியே கிடையாது."

"பொறாமை புடிச்சவளே!"

"ஆமா, புடிச்சவதான். நீ பெத்த, நான் பெறல. புடிக்காம இன்னா பண்ணும்? மாத்திரை துன்னச் சொல்லு அந்தப் பொண்ண. வேணான்னா குப்பையில போடச் சொல்லு. அதையும் நான்தான் பெருக்குவேன்."

சம்பந்தி வீட்டுக்கு விஷயம் போகாமலா இருக்கும்? போயிற்று. சம்பந்தியம்மாள் திருப்பதியிலிருந்து வந்து, நாகபூஷணத்தை எதிரில் உட்காரவைத்து, பெண்டாட்டியை அக்கா என்று சொன்ன வாயைப் பற்றித் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மருமகளை அவள் தள்ளிவைக்கவில்லை. "மாத்திரையை வேளைக்குப் போடறியா அம்மாயி?" என்று ரேஷ்மாவைக் கேட்டுவிட்டுப் போனாள். தாட்சாயணி இத்தனை வருஷம் பயந்த பயத்துக்கு அது ரொம்பச் சின்னதாக முடிந்துபோயிற்று. அந்தக் கோபமும் சேர்ந்து, அவள் செல்வியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ரேஷ்மாவுக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். கடைசி மாதத்தில் பிரஷர் ஏறியது, கொஞ்சம் வீக்கமும் வந்தது. ஆனால் வீட்டு மிஷின் அதை முதல் நாளே காட்டிவிட்டது. நர்ஸ் வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டாள். மருந்தை மாற்றினார்கள், ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். புதன்கிழமை டாக்டர் லீனா வந்து வலி வரவழைத்தார். மத்தியானத்துக்குமேல் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் சின்னது. ஆனால் அழுத அழுகை டீக்கடை வரைக்கும் கேட்டது.

செல்விக்கு அன்றைக்கு டியூட்டி. பிரசவ அறையைக் கழுவிவிட்டு வார்டுக்குள் வந்தாள். நான் ரேஷ்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாட்சாயணி மடியில் குழந்தையை வைத்திருந்தாள். செல்வி அந்தப் பக்கமே பார்க்காமல் ஜன்னலோரம் போய்த் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அந்த மாத்திரை அப்பவே இருந்துச்சாம் அத்தை," என்றாள் என்னிடம், ஜன்னலைப் பார்த்தபடி. "டாக்டரைக் கேட்டேன். சாதாரண மெடிக்கல் ஷாப்லயே இருந்துச்சாம். குடுக்கத் தெரிஞ்சவங்கதான் இங்க யாரும் இல்ல."

ரேஷ்மா கட்டிலில் இருந்தபடியே, "பெரிம்மா, இங்க வா, தூக்கு" என்றாள்.

"வேணாம். வயிறு எரிஞ்சிக்கினு தூக்கக் கூடாது."

"எரிஞ்சா எரியட்டும், தூக்கு" என்றாள் அந்தப் பெண்.

தாட்சாயணி குழந்தையை நீட்டவில்லை. ஆனால் மடியை அசைக்கவும் இல்லை. செல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தானே குனிந்து எடுத்தாள். எடுத்து அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது.

தாட்சாயணிதான் முதலில் பேசினாள். பல மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசினாள்.

"அவன் இதைவிட கனம்."

செல்வி நிமிரவில்லை.

"வேன்ல எம் மடியிலதான் இருந்தான், ஊருக்குத் திரும்பற வரைக்கும். என் பாவாடையிலதான் சுத்தினேன். தல நெறைய முடி. காது உன் காது. கையி இப்டி மூடிக்கினு..." தாட்சாயணி தன் கையை மூடிக் காட்டினாள். "அம்மா சொல்லாதன்னா. சொன்னா நீ பைத்தியமாயிடுவன்னா. நான் கலியாணம் ஆவாத பொண்ணு, இன்னா பண்ணுவேன்?"

குழந்தை அழ ஆரம்பித்தது. செல்வி அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தங்கச்சியை நேருக்கு நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்தது. ஆனாலும் அவள் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது.

"இத்தினி வருஷமா நீயே வெச்சிக்கினு இருந்தியா அவன?"